சீட்டக்கா ஓட்டிய இரட்டைச் சைக்கிள்

எங்கள் பேருந்துப் பணிமனையில் யாருக்காவது வேலை போய்விடும் போலிருந்தால், "உன் சீட்டு கிழியப் போகுது" என்று பயமுறுத்துவோம். உடனே பக்கத்தில் இருப்பவர், "கிழிஞ்சா என்ன, சீட்டக்கா தச்சுக் குடுத்துடுவாங்க" என்பார். அரதப் பழசான நகைச்சுவை. ஆனாலும் மேலாளர் உட்பட எல்லோரும் சிரிப்போம்.

சீட்டக்கா என்பது அவருக்கு நாங்கள் வைத்த பெயர். பேருந்து இருக்கைகளைச் சீர்செய்யும் பிரிவில் அவருக்கு வேலை. பயணிகள் நகத்தால் கிள்ளியதும், சாவியால் கீறியதும், பொழுது போகாமல் பிய்த்ததுமாக இருக்கைகள் அவரிடம் வந்து குவியும். பழைய ரெக்சினை உரித்து எறிந்துவிட்டு, நீளக் கத்தியால் ஸ்பாஞ்சை அளவு பார்த்து அறுத்து, புது உறையை மாட்டி, முட்டியால் அழுத்திக்கொண்டே இழுத்துக் கட்டுவார். முடிந்ததும் தானே அதில் உட்கார்ந்து கண்ணை மூடி இப்படியும் அப்படியும் அசைந்து பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் மறுபடி பிரித்துவிடுவார். வாய் கொஞ்சம் நீளம். மனசும் அப்படித்தான்.

அவருடைய வீட்டுக்காரர் எங்களுடைய நெடுந்தூர ஓட்டுநர். கிழக்குக் கடற்கரையில் எங்கள் ஊரில் கிளம்பி, சமவெளியைக் கடந்து, மலையேறி இறங்கி, மேற்குக் கடற்கரையில் போய் நிற்கும் பேருந்து அவருடையது. நாட்டையே குறுக்காகத் தாண்டும் அந்தத் தடத்தை வேறு யாருக்கும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. தெருவில் அவரை 'டிரைவர்' என்றுதான் சொல்வார்கள். மனைவியே கூட கோபம் வந்தால் "என்ன டிரைவரே" என்பார்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோய் அவருக்கு. முதலில் ஓரப் பார்வை போயிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் பணிமனை வாசலில் வண்டியைத் திருப்பும்போது பக்கக் கண்ணாடி தூணில் உரசியது. இறங்கி வந்து தூணைத் தடவிப் பார்த்தார். நேராக நேரக்காப்பாளன் அறைக்கு, அதாவது என் அறைக்கு, வந்து சாவியை மேசைமேல் வைத்தார்.

"இன்னைக்குத் தூணு. நாளைக்கு ஒரு மனுஷனா இருந்தா?" என்றார். அதற்குப் பிறகு ஓட்டுநர் இருக்கையில் அவர் ஏறவே இல்லை. மருத்துவம் எவ்வளவோ பார்த்தார்கள். சிகிச்சை நோயை ஓட ஓட விரட்டியும் நோய்தான் முந்திக்கொண்டது. முழுப் பார்வையும் போய்விட்டது.

கொஞ்ச காலம் மனிதர் நாற்காலியை விட்டு எழவில்லை. சீட்டக்காதான் பிடிவாதமாக, நடுவயதில் பார்வை இழந்தவர்களுக்கான பயிற்சி நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வெள்ளைக் கோல் பிடித்து நடக்க, தேநீர் போட, சட்டைக்குப் பொத்தான் தைக்க என்று எல்லாம் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். டிரைவர் அங்கேயே தங்கிப் படித்தார். திரும்பி வந்தபோது தனியாகவே தெருமுனைக் கடை வரை போய் வந்தார். போகும்போது வழியில் நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டரைக் கோலால் தட்டி, "எவன்டா இது, நடுரோட்டுல பார்க்கிங்?" என்று சத்தம் போட்டாராம். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று தெருவே நிம்மதி அடைந்தது.

அந்த நிலையத்தில் ஒரு குறை இருந்தது. தங்கும் அறைகள் ஆண்களுக்கு மட்டும்தான். டிரைவரோடு சேர்ந்து பயிற்சியைத் தொடங்கிய ஒரு பள்ளிச் சமையல்கார அம்மாள், தினமும் இரண்டு பேருந்து மாறி வந்துகொண்டிருந்தார். கூட்டிவர ஆள் இல்லாத நாளில் வரமுடியாது. இப்படி விட்டு விட்டு வந்து, கடைசியில் வருவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் சாப்பிடும்போது டிரைவர் அதைச் சொன்னார். "நல்லாக் கத்துக்கிட்டு இருந்தாங்க. என்னைவிட வேகம். தங்க இடம் இல்லாததால போச்சு."

மேசையைச் சுற்றி நாலு பேர். சீட்டக்கா, டிரைவர், பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவர்களுடைய மகள், டிரைவரின் தங்கை. தங்கை பள்ளி வேன் ஓட்டுபவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அண்ணன் வீட்டு மாடியில் ராணி மாதிரி இருந்தாள்.

"பொம்பளைங்க தங்குறதுக்கு ரூம் கட்டணும்னா யாராவது திரட்டிக் குடுக்கணும்" என்றாள் மகள். "எங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை சைக்கிள்ல ஊர் ஊராப் போயி நன்கொடை சேர்த்தாங்க."

"சைக்கிளா?" என்றார் டிரைவர். கொஞ்ச நேரம் மெல்லுவதை நிறுத்தினார். "என் ரூட்டுல போவோம். இந்தக் கடல்லேருந்து அந்தக் கடல் வரைக்கும். குடும்பத்தோட."

"அண்ணா, உனக்கு என்ன ஆச்சு?" என்றாள் தங்கை.

"ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிள் இருக்குல்ல? நான் பின்சீட்டு."

"அப்போ முன்னால நான்" என்றாள் மகள், குதித்துக்கொண்டு.

"நீ இல்ல. உங்கம்மா."

சீட்டக்காவுக்குப் புரை ஏறியது. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேச முடிந்தது. "என்னங்க விளையாடுறீங்களா? எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது!"

"எனக்குக் கண்ணே தெரியாது. பொருத்தம் சரியாத்தானே இருக்கு?"

மகளும் அத்தையும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஏன் நான்?" என்று கேட்டார்.

"இவ ஓட்டுனா அப்பா பாவம்னு மெதுவாப் போவா. பள்ளம் வந்தாலும் எனக்குச் சொல்லமாட்டா, பயப்படுவேன்னு. நீ அப்படியா? பள்ளத்தையும் திட்டுவ, ரோடு போட்டவனையும் திட்டுவ, என்னையும் திட்டுவ. அதைக் கேட்டா எனக்கு ரோடு தெரியும்."

மறுநாள் வேலைக்கு வந்ததும் அக்கா நேராக எங்கள் பணிமனை வெல்டரிடம் போனார். "தம்பி, ரெண்டு பழைய சைக்கிளை ஒண்ணா ஒட்டித் தர முடியுமா?"

"யாருக்கு அக்கா?"

"எனக்கும் உங்க டிரைவருக்கும்."

வெல்டர் முகமூடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தான். பகடி இல்லை என்று தெரிந்ததும் அளவுநாடாவை எடுத்துவந்தான். நல்ல கனமான இரும்புக் குழாய்களாகத் தேடி எடுத்து வெட்டி ஒட்டினான். முதலில் செய்தது நடுவில் வளைந்தது. அதைப் பிரித்துப்போட்டுக் குறுக்கே இன்னொரு குழாய் கொடுத்து மறுபடி செய்தான். இருக்கைகளை மட்டும் அக்கா அவனை நம்பி விடவில்லை. நெடுந்தூரப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கைக்கு வைக்கும் கெட்டி ஸ்பாஞ்சில் இரண்டு சீட்டு தைத்தார். இரண்டிலும் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்து, பின்சீட்டை இரண்டு தடவை பிரித்துத் தைத்தார்.

ஓட்டக் கற்றுக்கொண்டது ஞாயிற்றுக்கிழமைகளில், பேருந்துகள் எல்லாம் வெளியே போய்விட்ட பணிமனைக் களத்தில். சொல்லிக்கொடுத்தவள் நாத்தனார். முதலில் மகளுடைய ஒற்றைச் சைக்கிளில் ஏற்றிவிட்டாள்.

"அண்ணி, கீழ பாக்காதீங்க. சக்கரம் எங்கயும் ஓடிப்போயிடாது."

"ஓடாதா? அப்புறம் எதுக்குடி அதுல ஏறுறேன்?" என்று கேட்டுக்கொண்டே அக்கா டீசல் பீப்பாயில் மோதினார்.

முழங்கை, முழங்கால், ஒரு தடவை மூக்கு என்று எல்லாம் தேய்ந்தன. ஐம்பதைத் தொடப்போகிற உடம்பு. ஆனால் முட்டியால் அழுத்தி ரெக்சின் இழுத்துக் கட்டிய கால்கள் அவை. மிதிக்க ஆரம்பித்ததும் களைப்பே தெரியவில்லை. இரட்டைச் சைக்கிளில் ஏறியபோது வேறொரு தொல்லை. பின்னால் இருந்த டிரைவர் சும்மா இருக்கவில்லை. "திருப்பு! ஒடி! இன்னும் ஒடி!" என்று கத்துவார். இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்துவார். பெடல் நின்றுபோய் இருவரும் சேர்ந்து சாய்வார்கள்.

நாலாவது தடவை விழுந்ததும் அக்கா எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். "இங்க பாருங்க. வாய் எனக்கு, கால் உங்களுக்கு. நான் சொன்னா மிதிக்கணும், நான் சொன்னா நிறுத்தணும். நடுவுல உத்தரவு போட்டீங்கன்னா இறக்கி விட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

டிரைவர் வாயை மூடிக்கொண்டார். அன்று களத்தை முதல்முறையாக முழுச் சுற்று சுற்றினார்கள். வெல்டர் விசில் அடித்தான். காவலாளி கைதட்டினார். நான் என் அறைக்குள்ளிருந்து ஓடி வந்தேன். அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! திருடிவந்த பொருளை ஒளிக்க இடம் தேடும் குழந்தை மாதிரி, சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்தார்.

சாப்பாட்டு மேசைதான் திட்டமிடும் இடம். மகள் பெரிய வரைபடத்தை விரித்துவைப்பாள். டிரைவர் நாற்காலியில் சாய்ந்து தன் சாலையைச் சொல்லிக்கொண்டே வருவார். "ஊர் தாண்டினதும் இடது கைப்பக்கம் தண்ணித் தொட்டி. அதுக்கப்புறம் லேசா இறக்கம். இறக்கம் முடியுற இடத்துல டீக்கடை, அங்க நிறுத்தலாம்." அவர் சொல்லச் சொல்ல மகள் குறித்துவைப்பாள். எங்கே தங்குவது, எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்பது, எங்கள் பணிமனைக் கிளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று விசாரிப்பது நாத்தனாரின் பொறுப்பு. பள்ளி விடுமுறையில் வேனை எடுத்துக்கொண்டு துணைக்கு வருவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். அந்த மேசையில் டிரைவர்தான் அரசர். பார்வை போன பிறகு அவரை அவ்வளவு உற்சாகமாக யாரும் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை வெள்ளோட்டம் விட்டார்கள். மகளும் தன் சைக்கிளில் கூட வர, முதல் ஊர் வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. ஊர் எல்லை தாண்டியதும் டிரைவர், "இப்ப தண்ணித் தொட்டி வரும்" என்றார். வரவில்லை. "டீக்கடை?" அதுவும் இல்லை. எட்டுத் தடத்தில் புது நெடுஞ்சாலை போட்டிருந்தார்கள். அவர் பேருந்து ஓட்டுவதை நிறுத்திய பிறகு வந்த சாலை. அவர் இடது பக்கம் திரும்பச் சொன்ன இடத்தில் ஒரு நீளமான சுவர் இருந்தது. வேறு வழியில்லாமல் ஒரு மேம்பாலத்தில் ஏறிவிட்டார்கள். லாரிகள் காதருகில் இரைந்துகொண்டு போயின. ஒவ்வொரு லாரியின் காற்றுக்கும் சைக்கிள் தடுமாறியது.

"இறங்குங்க! இறங்குங்க!" என்று அக்கா அலறினார். இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பாலத்தைக் கடந்தார்கள். மகள் அழுதேவிட்டாள். பாலம் முடிந்ததும் டிரைவர் ஓரத்துத் தடுப்பில் உட்கார்ந்தார்.

"என் ரோடு இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒண்ணுமே இப்ப அங்க இல்ல" என்றார். "நீங்க மூணு பேரும் போங்க. நான் வழி சொன்னா உங்களைக் கொன்னுடுவேன்."

வீட்டுக்கு வந்த பிறகு வரைபடத்தை மடித்துவைக்கச் சொல்லிவிட்டார். மறுபடியும் நாற்காலி. மகள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். தங்கை சண்டை போட்டுப் பார்த்தாள். அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்தார், தைத்தார், போனார். அந்த வாரக் கடைசியில் என் அறைக்கு வந்து நின்றார்.

"மேற்கே போற வண்டியில முன்சீட்டு ரெண்டு வேணும்."

"யாருக்கு அக்கா?"

"என் புருஷனை அவர் வண்டியில ஏத்திக் கூட்டிட்டுப் போகப்போறேன்."

டிரைவர் எளிதில் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஓட்டுநருக்குப் பக்கத்து வரிசையில் இருவரும் ஏறி உட்கார்ந்ததை மட்டும் நான் பார்த்தேன். டிரைவர் முகம் இறுகிக் கிடந்தது.

வண்டி கிளம்பியதும் அக்கா பேச ஆரம்பித்தார். வலது பக்கம் பெரிய கிடங்கு, நீல வர்ணம், முன்னால் நாலு லாரி, இப்போ ஒரு மேம்பாலம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒப்பித்தார். டிரைவர் 'ம்' கூடக் கொட்டவில்லை. மேம்பாலம் ஏறி உச்சிக்குப் போனபோது அக்கா கீழே எட்டிப் பார்த்தார்.

"கீழ ஒரு சின்ன ரோடு போகுது. ஆளே இல்ல. ஒரு பழைய பாலம். கல்லுப் பாலம், மூணு வளைவு. ஒரு பக்கத்துக் கைப்பிடிச் சுவர் கொஞ்சம் இடிஞ்சிருக்கு."

டிரைவர் எழுந்து நின்றுவிட்டார். "எந்தப் பக்கம் இடிஞ்சிருக்கு?"

"தெக்குப் பக்கம்."

"அதுதான்! அதுதான் என் ரோடு! எனக்கு முன்னாடி ஓட்டுனவரு இடிச்சதுடி அது!"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. ஓட்டுபவர் டிரைவரிடம் வேலை பழகிய ஆள்தான். "அண்ணே, உக்காருங்க, விழுந்துடுவீங்க" என்று சிரித்தார். பிறகு அவரே சொன்னார்: "பழைய ரோடு அப்படியேதான் இருக்குண்ணே. பக்கத்துலயே கடைசி வரைக்கும் வருது. பெரிய வண்டி எல்லாம் மேல வந்துட்டதால, அங்க மாடும் சைக்கிளும்தான் போகுது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மேற்குக் கடற்கரை வரை இருவரும் வாயை மூடவில்லை. அக்கா ஜன்னலில் ஒட்டிக்கொண்டு கீழே போகும் பழைய சாலையைச் சொன்னார். டிரைவர் அது எங்கே வளையும், எங்கே ஏறும் என்று சொன்னார். கடைகள் மாறியிருந்தன, மரங்கள் போயிருந்தன. மேடும் இறக்கமும் வளைவும் அப்படியே இருந்தன. மலைப்பாதையில் ஏறியபோது அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவர் முன்கூட்டியே சொல்ல, சுற்றியிருந்த பயணிகள் பந்தயம் கட்டி விளையாடினார்களாம். ஒன்றில்கூட அவர் தோற்கவில்லை.

வரைபடம் மறுபடி விரிந்தது. இந்தத் தடவை அவர் சொல்வதை அக்கா சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. "அந்தக் கடை இல்ல, அதுக்கு முன்னாடி ஒரு பள்ளிக்கூடம் இருக்கு, நான் பாத்தேன்" என்று குறுக்கே வருவார். "எவ்வளவு முன்னாடி?" "நீங்க தும்முனீங்களே, அந்த இடம்." இருவர் தலையும் சேர்ந்துதான் திட்டம் உருவானது. பயிற்சி நிலையத்து ஆசிரியை வழியிலிருக்கும் ஊர்களில் இருந்த பழைய மாணவர்களுக்கெல்லாம் செய்தி சொன்னார்.

கிளம்பிய அன்று காலையில் பணிமனை வாசலில் எள் விழ இடமில்லை. மகள் தன் சைக்கிளில் முன்னால், இரட்டைச் சைக்கிள் நடுவில், நாத்தனாரின் வேன் பின்னால். மேலாளர் கொடி அசைக்கக் கையைத் தூக்குவதற்குள் அக்கா, "மிதிங்க!" என்று கத்திவிட்டார். கொடி அசைந்தபோது அவர்கள் தெருமுனையில் இருந்தார்கள்.

போகப் போக ஊர்கள் அவர்களை எதிர்கொண்டு வந்து வரவேற்றன. முன்னே பின்னே தெரியாதவர்கள் தங்கள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் வரை கூடவே வந்து விட்டுப்போனார்கள். ஓர் ஊரில் நிலையத்தின் பழைய மாணவர் ஒருவர், வெள்ளைக் கோலோடு சாலையில் தனியாக நடந்துவந்து டிரைவரின் கையைக் குலுக்கினார். மழையில் நனைந்தார்கள், இரண்டு தடவை செயின் அறுந்தது, ஒரு தடவை அக்கா ஆட்டுமந்தைக்குள் விட்டுவிட்டார். நாத்தனார் வேனை நிறுத்துமிடத்திலெல்லாம் நன்கொடைக் கதை சொல்லி ஆளை அசையவிடாமல் பண்ணினாள். "அத்தை கையிலேருந்து கொடுக்காம தப்பிச்சவன் கிடையாது" என்று மகள் பிற்பாடு எங்களிடம் சொன்னாள்.

மலை வந்தது. பாதி ஏறியதும் அக்காவுக்கு மூச்சு இரைத்தது. நாத்தனார் வேனைப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"அண்ணி, யாரு பாக்கப்போறா? ஏத்திக்கலாம். உச்சியில இறக்கி விடுறேன்."

"நான் பாப்பேன்ல?" என்றார் அக்கா.

பின்சீட்டிலிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "உத்தரவு இல்ல, தகவல்தான் சொல்றேன். இந்த வளைவு தாண்டினா கொஞ்ச தூரம் சமதரை. அங்க மூச்சு வாங்கிக்கலாம்."

தாண்டினார்கள். சமதரை இருந்தது. அடுத்த வளைவுக்கும் அவரிடம் ஒரு தகவல் இருந்தது. இப்படி ஒவ்வொரு வளைவாக, அக்கா சாலையையும் வெயிலையும் மலையைப் படைத்தவரையும் திட்டிக்கொண்டே உச்சிக்கு வந்து சேர்ந்தார். அங்கே இருந்த கல்லில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிப் பார்த்து, "ஏறிட்டேன்!" என்று ஒரு கூச்சல் போட்டார். பள்ளத்தாக்கு அதைத் திருப்பிச் சொன்னது. டிரைவர் தன் பங்குக்கு, "ஏறிட்டா!" என்று கத்தினார். அதையும் அது திருப்பிச் சொன்னது.

இறக்கம்தான் உண்மையான சோதனை. இரண்டு பிரேக்கும் அக்கா கையில். சைக்கிள் சீறிக்கொண்டு இறங்கியது. வளைவு, வளைவு, இன்னொரு வளைவு. பின்னாலிருந்து சத்தமே இல்லை.

"என்ன பேசாம வர்றீங்க? பயமா?"

"நீ ஓட்டுற. பயணி எதுக்குப் பேசணும்?"

காற்று கண்ணில் நீரை வரவழைத்ததாக அக்கா எங்களிடம் சொன்னார். காற்றுதான் என்று சாதித்தார்.

கடைசி நாள் காலை, கடல் வாசம் வர ஆரம்பித்ததும் டிரைவர் வேகமாக மிதிக்கத் தொடங்கினார், அக்கா தடுக்கவில்லை. கடற்கரைச் சாலையில் பயிற்சி நிலையத்து ஆசிரியை நின்றுகொண்டிருந்தார். முந்தின நாளே வந்து காத்திருந்தவர். சைக்கிள் நிற்பதற்குள் ஓடிவந்து சேதியைச் சொன்னார். வேண்டிய அளவு சேர்ந்துவிட்டது. அறைகள் கட்ட அடித்தளம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். சேர விரும்பும் பெண்கள் இப்போதே கேட்டு வருகிறார்கள்.

டிரைவர் மனைவியின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டார். மகள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அப்படியே சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டுபோய் முன்சக்கரத்தை அலையில் நனைத்தார்கள். சுற்றி நின்றவர்கள் ஆர்ப்பரித்தார்கள்.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் நாத்தனார் தயங்கித் தயங்கி வந்தாள். வழி முழுக்க வேன் ஓட்டியே வந்தவள். "அண்ணி, ஒரே ஒரு ரவுண்டு. நான் பின்னால உக்காந்துக்கவா?"

"ஏறுடி" என்றார் அக்கா. "ஆனா வாயைத் திறக்கக்கூடாது."

அவள் திறக்காமல் இருப்பாளா? கடற்கரைச் சாலையில் இரண்டு பெண்களும் போன திசையிலிருந்து கூச்சலும் சிரிப்பும் திட்டும் கலந்து வந்துகொண்டே இருந்தன. டிரைவர் மகளின் கையைப் பிடித்தபடி, சத்தம் வந்த பக்கமே முகத்தைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு வேகமாப் போறாங்க?" என்று கேட்டார்.

"ரொம்ப வேகம்ப்பா. திரும்புற மாதிரியே தெரியல" என்றாள் மகள்.